தலையில் அடி, சிடி ஸ்கேன் நார்மல்: மாவட்டப் போட்டியில் ஆட விடலாமா?

கேட்டவர்: செம்மண்தளம்

வணக்கம். தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் அரசு மேல்நிலைப் பள்ளி உடற்கல்வி ஆசிரியை நான். பெண்கள் கபடி அணி என் பொறுப்பு. கேள்வி சற்று நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். சுருக்கமாகச் சொன்னால் எல்லோரும் "ஸ்கேன் நார்மல் என்றால் ஆட விட வேண்டியதுதானே" என்கிறார்கள்.

போன சனிக்கிழமை குறுவட்டப் போட்டியின் அரையிறுதி. எங்கள் இடது கார்னரில், அதாவது இடது ஓரத்தில், நின்று பிடிக்கும் பெண்ணைச் சட்டை எண்ணை வைத்து எட்டு என்றே இங்கே குறிப்பிடுகிறேன். பாடி வந்த எதிரணி ரைடரின் கணுக்காலைப் பிடிக்கக் குனிந்தாள். அதே நொடியில் டேஷ் அடிக்க, அதாவது ரைடரை இடித்து வெளியே தள்ளப் பாய்ந்த எங்கள் கவர் ஆட்டக்காரியின் முழங்கால் எட்டின் காதுக்கு மேலே இடித்தது. மயங்கவில்லை. ரத்தம் இல்லை. பிடித்த பிடியைக்கூட விடவில்லை, புள்ளி எங்களுக்குத்தான் வந்தது. எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டாள். ஆனால் தன் இடத்துக்குப் போகாமல் வலது கார்னரில் போய் நின்றாள். அங்கே நிற்க வேண்டியவள் தோளைப் பிடித்துத் திருப்பி அனுப்பினாள். அடுத்த ரைடில் எதிரணிப் பெண் கூடுதல் புள்ளிக்காகப் போனஸ் கோட்டில் கால் வைக்கும்போது எட்டு பார்த்துக்கொண்டு சும்மா நின்றாள். ஆறாம் வகுப்பிலிருந்து அவள் ஆட்டத்தைப் பார்க்கிறேன். போனஸ் எடுக்க வருகிறவளை அவள் சும்மா விட்டதே கிடையாது. டைம் அவுட் கேட்டு அவளை வெளியே உட்கார வைத்தேன்.

உட்கார்ந்ததும் "ஸ்கோர் என்ன டீச்சர்?" என்றாள். சொன்னேன். அந்த ரைடு முடிவதற்குள் மறுபடி அதே கேள்வி. பிறகும் அதே கேள்வி, அதே குரலில், முதல்முறை கேட்பது போல. வேனில் திரும்பும்போது ஒருமுறை வாந்தி எடுத்தாள். அன்றிரவே ஒரு தனியார் மருத்துவமனையில் சிடி ஸ்கேன் எடுத்தோம். நார்மல். "இரண்டு நாள் ஓய்வு, பிறகு விளையாடலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இப்போது அவளுக்குத் தலைவலி விட்டு விட்டு வருகிறது. வகுப்பில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வெளிச்சம் கூசுகிறது என்று இடம் மாறிக்கொள்கிறாள். கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது வரிகள் விட்டுப்போகின்றன என்று கணக்கு ஆசிரியர் நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். தோழி ஏதோ கேலி செய்ததற்குத் தேம்பித் தேம்பி அழுதிருக்கிறாள். முட்டி கிழிந்து தையல் போட்டபோதுகூட அழாதவள்.

அடுத்த வெள்ளிக்கிழமை வருவாய் மாவட்டப் போட்டி. அங்கே ஜெயித்தால் மாநிலப் போட்டி, சான்றிதழ், கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீடு என்று வீட்டில் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். தவறில்லை, அந்தக் குடும்பத்துக்கு அது பெரிய விஷயம். "டாக்டரே ஒன்றும் இல்லை என்ற பிறகு நீங்கள் யார் தடுக்க?" என்று அவள் அப்பா கேட்டார். தலைமை ஆசிரியர் அதையே கொஞ்சம் மரியாதையாகக் கேட்டார்.

ஸ்கேன் நார்மலாக இருந்தும் மூளையில் பாதிப்பு இருக்க முடியுமா? மருத்துவர் இல்லாத மைதானத்தில் என்னைப் போன்றவர்கள் எதை வைத்து அடையாளம் காண்பது?

பதில்: கொடைக்கோப்பை

டீச்சர் அம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள். கபடியில் தலையில் அடி படாமல் இருக்குமா? எங்கள் காலத்தில் ஸ்கேனும் கிடையாது ஒன்றும் கிடையாது. முகத்தில் தண்ணீர் அடிப்போம், ஒரு சோடா, ஆட்டம் தொடரும்.

ஒரு கதை சொல்கிறேன். கோயில் கொடைக்கு நடந்த போட்டி, இறுதி ஆட்டம். எங்கள் ரைடருக்கு நெற்றிப்பொட்டில் முழங்கை பட்டது. எழுந்துவிட்டான், சிங்கம். அடுத்த ரைடுக்கு அவனையே அனுப்பினோம். நடுக்கோட்டைத் தாண்டினான், அங்கேயே நின்றுவிட்டான். கபடி கபடி என்று பாடவே இல்லை, நடுவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஊரே சிரித்தது. ஒரு புள்ளி போனாலும் கோப்பை எங்களுக்குத்தான். அன்றிரவு கறிச்சாப்பாட்டில் உட்கார்ந்துகொண்டு "நாம் ஜெயித்தோமாடே?" என்று பத்துப் பேரிடம் கேட்டான். இன்றைக்கும் அவனைப் பார்த்தால் அதைச் சொல்லித்தான் சிரிப்போம். ஆள் நன்றாகத்தான் இருக்கிறான். பிள்ளையை ரொம்பப் பயமுறுத்தாதீர்கள்.

பதில்: இரவுப்பணி

அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எட்டை நான் நேரில் பார்க்கவில்லை, ஆகவே இது அவளுக்கான சிகிச்சைக் குறிப்பு அல்ல. ஆனால் டீச்சர், நீங்கள் எழுதியிருப்பதை ஒரு மருத்துவ மாணவர் எழுதிக் கொண்டுவந்திருந்தால் பாராட்டியிருப்பேன்.

முதல் கேள்விக்குப் பதில்: முடியும். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். மூளை அதிர்வில், ஆங்கில வழக்கில் கன்கஷன் என்கிறோமே, அதில் சிடி ஸ்கேன் நார்மலாக வருவதுதான் வழக்கம். சிடி காட்டுவது எலும்பு முறிவையும் ரத்தக் கசிவையும். வாந்தி எடுத்தாள், கேட்டதையே கேட்டாள் என்பதால் அன்றிரவு ஸ்கேன் எடுத்தது மிகச் சரி. அதில் கசிவு இல்லை என்று தெரிந்தது. அவ்வளவுதான் தெரிந்தது. மூளை அதிர்வு என்பது நரம்பணுக்களின் செயல்பாட்டில் வரும் கோளாறு. மூளை மண்டைக்குள் குலுங்கும்போது நரம்பணுக்களின் சவ்வு வழியாகப் பொட்டாசியமும் கால்சியமும் இடம் மாறுகின்றன. அதைச் சரிசெய்ய மூளைக்கு வழக்கத்தைவிட அதிக குளுக்கோஸ் வேண்டும், ஆனால் அந்த நேரத்தில் ரத்த ஓட்டம் குறைந்திருக்கும். இந்தப் பற்றாக்குறை சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை நீடிக்கலாம். எந்தப் படத்திலும் இது விழாது. நோயாளி சொல்வதையும் கூட இருப்பவர்கள் கவனிப்பதையும் வைத்துத்தான் கண்டுபிடிக்கிறோம்.

மயக்கம் வந்தால்தான் மூளை அதிர்வு என்று பலர் நம்புகிறார்கள். சுயநினைவு தவறுவது பத்தில் ஒருவருக்கும் குறைவாகத்தான் நடக்கிறது. எட்டு தவறான இடத்தில் போய் நின்றாளே, அதுதான் அறிகுறி. போனஸ் கோட்டில் எதிர்வினை இல்லாமல் நின்றாளே, அது இரண்டாவது. இந்த இரண்டையும் அவளைத் தெரியாத எந்த மருத்துவரும் பிடித்திருக்க முடியாது, நான் உட்பட.

கொடைக்கோப்பை ஐயா, உங்கள் நண்பரின் கதையில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. பாட மறந்தது, இரவு வரை ஜெயித்தோமா என்று கேட்டது, இரண்டுமே பாடப்புத்தகத்தில் வரும் அறிகுறிகள். அன்று அடுத்த ரைடில் இன்னொரு அடி பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் என் கவலை.

மைதானத்திலேயே 108-ஐ அழைக்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கே தாமதம் கூடாது. கழுத்து வலி. பார்வை இரண்டாகத் தெரிவது. கை கால் மரத்துப்போவது, பலவீனம். வலிப்பு. நினைவு தவறுவது, அல்லது நேரம் ஆக ஆக மந்தமாவது. தலைவலி ஏறிக்கொண்டே போவது. வாந்தி. திடீரென்று முரண்டு பிடிப்பது, அடிக்க வருவது. கழுத்தில் சந்தேகம் இருந்தால் ஆம்புலன்ஸ் வரும் வரை ஆளை அசைக்காதீர்கள். நம் ஊரில் நான்கு பேர் ஓடிவந்து கையையும் காலையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவார்கள், தலை பின்னால் தொங்கும். பார்க்கவே வயிற்றைக் கலக்கும். வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும் வேண்டாம்.

ஒருவர் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு ஓரிரு மணி நேரம் கழித்துச் சரியலாம். மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் இடையே ரத்தம் கசியும்போது இப்படி நடக்கும். அதனால் அடிபட்ட பிள்ளையை முதல் சில மணி நேரம் தனியாக விடக் கூடாது, தனியாக பஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பவும் கூடாது. தலைவலிக்குப் பாராசிட்டமால் போதும். ரத்தக் கசிவு இல்லை என்று உறுதியாகும் வரை ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் எதுவும் வேண்டாம். வலிக்கு ஊசி போட்டு மைதானத்துக்கு அனுப்பும் பழக்கத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது.

பதில்: மூன்றாம் அம்பயர்

அண்ணாச்சி, உங்கள் ரைடரின் கதையை அப்படியே கால்பந்து உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் பார்த்திருக்கிறோம். 2014 ஜூலை 13, மரக்கானா மைதானம், ஜெர்மனியும் அர்ஜென்டினாவும். ஜெர்மனியின் கிறிஸ்டோப் கிராமர் முகத்தில் எதிரணி ஆட்டக்காரரின் தோள் மோதியது, 17-ஆவது நிமிடம். எழுந்தார், ஆடினார். சிறிது நேரத்தில் நடுவர் ரிட்சோலியிடம் வந்து "இது இறுதியாட்டமா?" என்று கேட்டார். நடுவர் ஜெர்மனி அணியின் ஷ்வைன்ஸ்டைகரிடம் விஷயத்தைச் சொன்னார். 31-ஆவது நிமிடத்தில் வெளியே அழைத்துக்கொண்டார்கள். உலகமே பார்த்துக்கொண்டிருந்த ஆட்டம், பக்கத்திலேயே மருத்துவர்கள். அங்கேயே 14 நிமிடம் தப்பியது என்றால் குறுவட்டப் போட்டியில் இந்த டீச்சர் ஒரு ரைடு முடிவதற்குள் பிடித்தாரே!

இன்னொன்று, அந்த அப்பாவிடம் சொல்ல. 2019 ஆஷஸ், இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் ஆடும் கிரிக்கெட் தொடர், லார்ட்ஸ் டெஸ்ட். இங்கிலாந்தின் ஜோஃப்ரா ஆர்ச்சர் போட்ட பவுன்சர் ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் அடித்தது, அப்போது அவர் 80 ரன்னில் இருந்தார். வெளியே போனார், சோதனைகளில் தேறினார், திரும்பி வந்து 92 வரை அடித்தார். மறுநாள் காலை எழுந்தபோது தலை கனத்து மந்தமாக இருந்தது. ஆட்டத்திலிருந்து விலக்கினார்கள். மூளை அதிர்வுக்கான மாற்று வீரர் விதி அந்த மாதம்தான் டெஸ்ட்டுக்கு வந்திருந்தது. அப்படி வந்த முதல் ஆள் லபுஷேன். அடுத்த டெஸ்ட்டிலும் ஸ்மித் இல்லை. அதற்கு அடுத்ததில் வந்து 211 அடித்தார். முதல் நாள் எல்லாச் சோதனையிலும் தேறிய ஆள் மறுநாள் விழுந்தார் என்பதைக் கவனியுங்கள்.

கிரிக்கெட்டில் இதற்குத் தனி விதி போட வேண்டியிருந்தது. கபடியில் மாற்று ஆட்டக்காரர்கள் ஐந்து பேர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

பதில்: ஐஸ்பெட்டி

விளையாட்டு இயன்முறை மருத்துவர் நான். மாவட்ட, மாநிலப் போட்டிகளில் ஐஸ்பெட்டியோடு கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் ஆள். மருத்துவர் ஐயா சொன்னதற்கு மேல் மைதானத்து விஷயங்கள் மட்டும்.

நினைவைச் சோதிக்க மேடாக்ஸ் கேள்விகள் என்று ஐந்து உண்டு. கபடிக்கு நான் இப்படிக் கேட்பேன்: இது எந்த ஊர் மைதானம்? முதல் பாதியா, இரண்டாவது பாதியா? கடைசியாகப் புள்ளி எடுத்தது யார்? இதற்கு முன் எந்த அணியோடு ஆடினோம்? அதில் ஜெயித்தோமா? பெயர், வயது, இன்று என்ன கிழமை என்று கேட்பதில் பயனில்லை, பலத்த அடி பட்டவர்கூட அதையெல்லாம் சொல்லிவிடுவார். ஐந்தில் ஒன்று தவறினாலும் ஆட்டம் முடிந்தது. ஐந்தும் சரியாகச் சொன்னால் தப்பித்தார் என்று அர்த்தமில்லை.

பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். பக்கத்தில் நிற்பவளைப் பார்த்து விரலால் சைகை கேட்பாள், ஸ்கோர் போர்டைத் திரும்பிப் பார்ப்பாள். அதனால் ஆட்டக்காரியைப் போர்டுக்கு முதுகு காட்டி நிறுத்தித்தான் கேட்பேன். தோழிகள் யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது. பதில் சரியா தவறா என்பதைவிட எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறாள் என்பது எனக்கு முக்கியம். "தலை வலிக்கிறதா?" என்று கேட்டால் "இல்லை சார்" என்பாள், ஆட வேண்டுமே. "தலை எப்படி இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டால் "ஒரு மாதிரி இருக்கிறது" என்று வரும். அந்த ஒரு மாதிரி எனக்குப் போதும்.

பிறகு கால்கள். ஒரு பாதத்தின் குதிகாலை இன்னொன்றின் விரல்நுனியில் ஒட்டி வைத்து, கோட்டின் மேலேயே நடக்கச் சொல்வேன். கபடிக்காரிக்கு இது தண்ணீர் பட்ட பாடு. அவள் தள்ளாடினால் வேறு விளக்கம் தேவையில்லை. பயிற்சி பெற்றவர்களுக்கு ஸ்கேட் 6 என்ற முழுச் சோதனை இருக்கிறது, 13 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு. அதைச் செய்வது மருத்துவர்கள், எங்களைப் போன்றவர்கள். ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் மூளை அதிர்வை அடையாளம் காண சிஆர்டி 6 என்று ஓர் அட்டை இருக்கிறது, இலவசம். 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்கள் திருத்தி 2023-இல் வெளியிட்டது. அச்செடுத்து விசிலோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமைக்கு வருவோம். ஆடக் கூடாது. பேச்சுக்கே இடமில்லை. அறிகுறி இருக்கும்போது மறுபடி அடி பட்டால், சின்ன அடியாக இருந்தாலும், மூளை வேகமாக வீங்கி உயிர் போவதுண்டு. அரிது, ஆனால் நடப்பது பெரும்பாலும் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு. கனடாவின் ஒட்டாவாவில் ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற 17 வயதுப் பெண், பள்ளி ரக்பி அணியின் கேப்டன். 2013 மே மாதம் ஒரே வாரத்தில் அடுத்தடுத்த ஆட்டங்களில் தலையில் அடி. தனக்கு மூளை அதிர்வாக இருக்குமோ என்று இணையத்தில் தேடிப் பார்த்திருக்கிறாள், தோழிகளிடமும் சொல்லியிருக்கிறாள். பெரியவர்கள் யாருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகும் ஓர் ஆட்டம் ஆடினாள், அதில் விழுந்தவள் எழவில்லை. 2018-இல் ஒன்டாரியோ மாகாணம் அவள் பெயரிலேயே சட்டம் கொண்டுவந்தது. சந்தேகம் வந்தால் வெளியேற்ற வேண்டும் என்பது அங்கே இப்போது கட்டாயம். எட்டின் அப்பாவிடம் நான் பேச வேண்டி வந்தால் இந்தப் பெண்ணைப் பற்றித்தான் பேசுவேன்.

திரும்பும் வழி இதுதான். முதல் ஓரிரு நாள் ஓய்வு, செல்போன் குறைவு. அதற்காக இருட்டறையில் படுக்க வைப்பது பழைய முறை, இப்போது அப்படிச் சொல்வதில்லை. நடக்கலாம், வீட்டு வேலை செய்யலாம். பிறகு மெதுவான ஓட்டம். அடுத்தது தனியாகக் கால் வீச்சு, தாவல், ஆள் இல்லாமல். இதுவரை தலைவலி லேசாகக் கூடி ஒரு மணி நேரத்துக்குள் அடங்கினால் பரவாயில்லை. இதற்கு மேலே போக அறிகுறி முற்றிலும் நின்றிருக்க வேண்டும், மருத்துவர் ஒப்புதலும் வேண்டும். அப்போது அணியோடு நிழல் ரைடு, தொடுவது மட்டும், பிடி கிடையாது. பிறகு முழுப் பிடியோடு பயிற்சி. கடைசியில்தான் போட்டி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். அறிகுறி திரும்பினால் ஒரு படி கீழே. பிரிட்டனில் 2023-இல் அடிமட்ட விளையாட்டுக்கு வெளியிட்ட வழிகாட்டுதல், போட்டிக்குத் திரும்பக் குறைந்தது 21 நாள் என்கிறது. மருத்துவர் இல்லாத நம் மைதானங்களுக்கு அதுதான் பொருந்தும் என்பது என் கருத்து.

பதில்: கொடைக்கோப்பை

சரி, டாக்டர் தம்பி. அவனுக்கு இன்று காலை போன் செய்தேன். அந்த இறுதி ஆட்டத்தின் இரண்டாவது பாதி இன்றுவரை அவனுக்கு ஞாபகமே இல்லையாம். இவ்வளவு வருடம் நாங்கள் சொன்னதைக் கேட்டுத்தான் அவனும் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

டீச்சர் அம்மா, பிள்ளையின் அப்பா கபடி ஆடின ஆளா? ஆடினவர் என்றால் நான் பேசுகிறேன். நீங்களும் டாக்டரும் சொல்லிக் கேட்காதது ஒரு பழைய ஆட்டக்காரன் சொன்னால் கேட்கும்.

பதில்: செம்மண்தளம்

எல்லோருக்கும் நன்றி. அப்பா ஆடினவர்தான் அண்ணாச்சி, அதனால்தான் இவ்வளவு பிடிவாதம். உங்கள் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

வெள்ளிக்கிழமைக்கு இடது கார்னரில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியை நிறுத்தப் போகிறேன். பட்டியலில் எட்டின் பெயர் இல்லை என்று தலைமை ஆசிரியரிடம் எழுதியே கொடுத்துவிட்டேன். அவர் அதைப் படித்துவிட்டு "உங்கள் பொறுப்பு" என்றார். ஆமாம், என் பொறுப்புதான்.

எட்டு என்னோடு பேசுவதில்லை. தண்ணீர் பாட்டில் நிரப்பும் வேலையைக் கொடுத்திருக்கிறேன், அதையும் முறைத்துக்கொண்டே செய்கிறாள். இன்னும் ஒன்று கேட்க வேண்டும். காலாண்டுத் தேர்வு வருகிறது. படிப்பதையும் நிறுத்தச் சொல்ல வேண்டுமா?

பதில்: இரவுப்பணி

நிறுத்த வேண்டாம், குறையுங்கள். வகுப்பில் உட்காரட்டும், ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம். இருபது முப்பது நிமிடம் படித்தால் கொஞ்சம் இடைவெளி. கரும்பலகையிலிருந்து எழுதுவதற்குப் பதில் தோழியின் நோட்டைப் பார்த்து எழுதட்டும். தேர்வில் கூடுதல் நேரம் தர முடியுமா என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள், மருத்துவரின் கடிதம் இருந்தால் எளிது. இரவில் நன்றாகத் தூங்கட்டும், படிப்புக்காக விழிக்க வேண்டாம். பள்ளி நாள் முழுவதையும் தலைவலி இல்லாமல் தாண்டிய பிறகுதான் பிடிப் பயிற்சியைப் பற்றிப் பேச வேண்டும், முதலில் வகுப்பு, பிறகு மைதானம்.

இந்த வயதில் நான்கு வாரம் வரை ஆவது சாதாரணம். அதற்கு மேலும் தலைவலி, கண்கூச்சம், அழுகை நீடித்தால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள், திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம். இடையில் எப்போது வாந்தி வந்தாலும், தலைவலி ஏறினாலும், எழுப்பினால் சரியாக விழிக்காவிட்டாலும் நான்கு வாரம் பார்க்காதீர்கள், அன்றே கொண்டுபோங்கள். போகும்போது இங்கே முதலில் எழுதினீர்களே, தவறான கார்னர், போனஸ் கோடு, ஸ்கோர் கேட்டது, கணக்கு நோட்டு, அதை அப்படியே ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். ஸ்கேன் படத்தைவிட அதைத்தான் அவர் முதலில் படிப்பார்.